ஈரம் என்று எழுதிய நாட்கள்

மாஸ்க்கை மாட்டிவிட்டால் என்னால் பேச முடியாது என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் சௌகரியமாகப் போய்விட்டது. பதினைந்து நிமிடம். நெபுலைசர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கர்ரென்று கத்துகிறது, குழாய் வழியாக மருந்து புகையாக வருகிறது, நான் வாயைப் பிளந்து இழுத்துக்கொண்டிருக்கிறேன், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் என் மகளின் பிரசவத்தைப் பற்றி மூன்று பேர் முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம். மற்ற இருவர் போளூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கும் சம்பந்திகள், தாண்டவராயனும் அவர் மனைவி தவமணியும். என்ன சத்தம் அது என்று அந்த அம்மாள் கேட்டார்கள். தண்ணி மோட்டார் என்று இவர் சொன்னார். கூசாமல் சொன்னார். இருபத்தெட்டு வருடம் காற்றை அளந்து சம்பளம் வாங்கிய மனுஷர், பெண்டாட்டி மூச்சு விடுகிற சத்தத்துக்கு மோட்டார் என்று பெயர் வைக்கிறார். நிரஞ்சனியைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கூத்துதான். மிஷின் மேல் துண்டைப் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, அம்மாவுக்கு வீசிங் என்றால் பெண்ணுக்கும் வரும் என்பார்கள், வாயைத் திறக்காதே என்று எனக்குப் பாடம் எடுத்தார். நானும் திறக்கவில்லை. அது ஆவணி மாதம், மதியம் முழுக்கக் கடல்காற்று வீசிக்கொண்டிருந்தது, மாடிப்படி ஏறி இறங்கிப் பலகாரம் வாங்கிவந்து பரிமாறினேன், ஒரு இருமல் இல்லை. பொய் சொல்வதற்குக்கூட அன்றைக்கு வானிலை ஒத்தாசை செய்தது. இன்றைக்குச் செய்யவில்லை. விடியற்காலை நாலரைக்கே நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி எழுந்து உட்கார்ந்தவள்தான். பத்தரை மணிக்கு அவர்கள் கதவைத் தட்டியபோது வாங்க என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. அதற்குள் இவர் என்னை உள்ளே தள்ளிவிட்டு, அவ கொஞ்சம் சாமி கும்பிட்டுட்டு வருவா என்று கதவைச் சாத்திவிட்டார்.

மருந்துக் கிண்ணத்தில் இன்னும் முக்கால் இருக்கிறது. இழு, விடு. இழுப்பது சுலபம், விடுவதுதான் கஷ்டம், இது இந்த நோய் வராதவர்களுக்குப் புரியாது. மூச்சுத்திணறல் என்றால் காற்று உள்ளே போகாது என்று நினைக்கிறார்கள். போகும், சனியன், எல்லாம் போகும், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்னும். எங்கள் தெருவுக்கு மேலே இப்போது உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான். கட்டிலிலிருந்து ஜன்னல் தெரிகிறது. மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல். தூரத்தில் மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகள். மழை விட்டு மூன்று நாள் ஆகிறது, கார்த்திகை பன்னிரண்டு, ஒரு இலை ஆடவில்லை. கொடியில் காயப்போட்ட இவருடைய வேட்டி விறைத்துப்போய்த் தொங்குகிறது. புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகை கொஞ்ச தூரம் மேலே போகிறது, அப்புறம் யாரோ தலையில் தட்டிய மாதிரி அப்படியே படுத்துவிடுகிறது, படுத்தபடியே இந்தப் பக்கம் வருகிறது. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. கோடையில் மூடி கிடையாது, தரை கொதித்து எல்லாம் மேலே போய்விடும், பகலில் கடல்காற்று வந்து மிச்சத்தைக் கூட்டித் தள்ளும். அதே லாரிகள், அதே புகைபோக்கிகள், அதே குப்பை. சித்திரையில் நெடுஞ்சாலை ஓரமாகவே நடந்து மார்க்கெட் போய்வருவேன். கார்த்திகையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலில் சாகிறேன். புகை ஒன்றுதான், நாள்தான் வேறு. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. கொடியில் துணி ஆடுகிறதா என்று பார்த்தால் போதும். ஆடினால் பிழைத்தேன். சித்திரையிலும் ஒரு கணக்கு இருக்கிறது, அது வேறு கணக்கு. போன கத்திரியில் நாலு நாள் கடல்காற்று ஏறாமல் நின்றுபோனபோது கீழ்வீட்டு வாட்ச்மேன் தேசிங்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வெயில் என்றார்கள். வெயில் மட்டுமா. வெயிலும் புகையும் கைகோத்துக்கொண்டால் நெஞ்சைப் பிடிக்கும், பனியும் புகையும் கைகோத்துக்கொண்டால் மூச்சைப் பிடிக்கும். தனித்தனியாக வந்தால் அது பாட்டுக்கு வந்துவிட்டுப் போகும், ஜோடி சேர்ந்தால்தான் ஆளை எடுக்கும். இன்றைக்கு ஜோடி சேர்ந்திருக்கிறது. கடல்காற்று வரும். ஏன் வராது. பதினோரு மணிக்கு மேல் பெரிய அதிகாரி மாதிரி சாவகாசமாக வரும், செத்தவர்களை விட்டுவிட்டு மிச்சமிருப்பவர்களுக்கு விசிறும்.

தவமணியம்மாள் குரல் கேட்கிறது. கணீரென்ற குரல், போளூர்க் காற்று சுவாசித்த குரல், எனக்கு அந்தக் குரலைக் கேட்டாலே பொறாமையாக இருக்கிறது. கார்த்திகை முடியறதுக்குள்ள வளைகாப்பு போட்டுடலாம், போட்ட கையோட நீங்க கூட்டிக்கிட்டு வந்துடுங்க, மார்கழில அனுப்ப மாட்டோம், தை பொறந்து அஞ்சு நாள்ல டாக்டர் தேதி குடுத்திருக்காங்க என்கிறார்கள். இவர் ஆகட்டும் ஆகட்டும் என்கிறார். என்ன ஆகட்டும். கார்த்திகைக் கடைசி, மார்கழி முழுசு, தை முதல் வாரம். வருடத்தில் முன்னூற்றுச் சொச்சம் நாட்களை விட்டுவிட்டுப் பொறுக்கி எடுத்த மாதிரி, மூடி போட்ட நாட்களாகப் பார்த்துப் பஞ்சாங்கம் என் மகளை இங்கே அனுப்புகிறது. நடுவில் போகி வேறு. போகியன்று இந்தத் தெருவில் பழைய பாயை எரிக்கிற நாள் போய் டயரை எரிக்கிற நாள் வந்து எத்தனை காலமாயிற்று. நிரஞ்சனி இந்த அறையில் இந்தக் கட்டிலில் படுத்திருப்பாள். எட்டு முடிந்து ஒன்பதாவது மாதம். வயிறு மேலே ஏறி, அவளுக்கே மூச்சு பாதிதான் இருக்கும். அந்தப் பாதியில் இன்னொன்றும் பங்கு கேட்கும். ஐயோ, நான் ஏன் இப்படி யோசிக்கிறேன். அவள் வரவேண்டும் என்று நான் எத்தனை வருடமாக ஏங்கினேன் என்பது இந்தச் சுவருக்குத் தெரியும். பழைய மெல்லிய வாயில் புடவைகளை வெந்நீரில் போட்டு அலசிப் பிள்ளைக்கு ஏணை கட்ட மடித்து வைத்திருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியத்துக்கு ஓமமும் சுக்கும் திப்பிலியும் வாங்கி டப்பாவில் அடைத்திருக்கிறேன். ஹாலில் அந்த அம்மாள் சிரிக்கிறார்கள். உங்க பொண்ணு அம்மா வீட்டுக்குப் போறதுக்கு நாள் எண்ணிக்கிட்டு இருக்கா என்கிறார்கள். எண்ணுவாள். நேற்று போனில், அம்மா உன் கையால வத்தக்குழம்பு சாப்பிடணும் என்றாள். நான் சரிடி என்றேன். சரிடி என்றுதான் சொன்னேன், வேறென்ன சொல்ல.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எங்கள் வட்டாரத்துக் கட்டடங்களின் மொட்டைமாடியில் காற்றை உறிஞ்சுகிற பெட்டி ஒன்று வைப்பார்கள், அதற்குள் வெள்ளைவெளேரென்று கண்ணாடி நார்த் தாள் ஒன்றை விரிப்பார்கள், ஒரு நாள் முழுக்கக் காற்று அந்தத் தாள் வழியாக ஓடும், அழுக்கு தாளில் படியும். மறுநாள் தாளை எடுத்து எடைபோட்டால் அத்தனை அழுக்கு. அவ்வளவுதான் அந்த வேலை. இவர் அதை ஏதோ கோயில் கைங்கரியம் மாதிரி செய்தார். கையுறை போட்டுத்தான் தாளைத் தொடுவார், வீட்டில் தட்டைக் கழுவி வைக்காதவர். ராத்திரி நான் மூச்சுக்குத் தவித்தால், இன்னைக்கு அளவு ஒண்ணும் ஜாஸ்தி இல்லையே, போன மாசமும் இதேதான் இருந்தது, அப்ப நல்லாத்தானே இருந்தே என்பார். நான் வேண்டுமென்று இழுக்கிற மாதிரி. ஒரே நம்பருக்கு ஒரு நாள் நன்றாகவும் இன்னொரு நாள் செத்தும் கிடக்கிறாளே என்று அந்த மூளைக்கு ஒரு தடவை உறைத்ததா. குளிர் பட்டால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது, சுருங்கின குழாயில் அதே அழுக்கு போனால் அடைக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர் எனக்கு இரண்டு நிமிடத்தில் புரியவைத்தாள். இவரிடம் வந்து சொன்னேன். தாள்ல அப்படி எதுவும் வராது என்றார். தாளுக்குக் குழாயா இருக்கிறது சுருங்க. தாளுக்கு வயிற்றில் பிள்ளையா இருக்கிறது. இப்போது ரிடையராகி இரண்டு வருடம், இன்னும் வருகிறவர்களிடமெல்லாம், கடல் பக்கத்துல இருக்கோம், காத்து நல்லாத்தாங்க இருக்கு என்கிறார். இதோ, இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், காதில் விழுகிறது.

பாதி ஆகிவிட்டது. குழாயை இரண்டு தட்டுத் தட்டினேன், ஓரத்தில் ஒட்டினது உள்ளே இறங்கட்டும். தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்தேனே, அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. இவருடைய தகரப்பெட்டி. ஒவ்வொரு போகிக்கும் அதைத் தூக்கிப் போடுங்கள் என்பேன், அது கண்ணாடி நார், எரியாது என்பார். எரியாது என்பதற்காகவே ஒரு மனுஷன் ஒரு குப்பையை இருபத்தெட்டு வருடம் வைத்திருப்பானா. இவர் வைத்திருப்பார். பெட்டி நிறைய பழுப்புக் கவர்கள், ஒவ்வொரு கவருக்குள்ளும் ஒரு தாள், கவரின் மேல் தேதி, தேதிக்குக் கீழே இவர் கையெழுத்தில் ஒரே ஒரு சொல், ஈரம். என்ன இது என்று கேட்டதற்குச் சொன்னார், இதெல்லாம் தள்ளுபடி ஆன தாள், பனி இறங்கித் தாள் நனைஞ்சிட்டா எடை தப்பாக் காட்டும், அதனால கணக்குல சேர்க்க மாட்டோம், ஆபீஸ்ல தூக்கிப் போடச் சொன்னாங்க, எனக்கு மனசு வரலை. நான் ஒரு தாளை வெளியே எடுத்தேன். கருப்பு. கரிச்சட்டியின் அடி மாதிரி கருப்பு. கணக்கில் சேர்த்த தாள் ஒன்றையும் ஒருமுறை காட்டியிருக்கிறார், அது இளஞ்சாம்பல் நிறம். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சமையலறை அலமாரியில் விரித்திருந்த பழைய காலண்டர் தாளைத் துடைப்பதற்காக எடுத்தபோதுதான் தோன்றியது. மளிகைக்கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர். முடிந்த மாதத்தைக் கிழித்து அலமாரியில் விரிப்பது என் பழக்கம். கேஸ் வந்த தேதிக்கு ஒரு வட்டம், வீசிங் வந்த தேதிக்கு ஒரு பெருக்கல் குறி. டப்பாக்களையெல்லாம் தரையில் இறக்கிவைத்துவிட்டு, இவர் வெளியே போன சமயம் பார்த்து, ஒரு கையில் கவர்களும் ஒரு கையில் காலண்டருமாகத் தரையில் உட்கார்ந்தேன். இவர் வேலையில் இருந்த காலத்தில் விரித்தது, அடியில் கிடந்து கிடைத்தது, பதினேழு மாதத்துத் தாள். அந்தப் பதினேழு மாதத்தில் இவர் ஈரம் என்று தள்ளிய நாட்கள் இருபத்திரண்டு. பத்தொன்பது நாட்களில் என் பெருக்கல் குறி இருந்தது.

பத்தொன்பது. நான் செத்துப் பிழைத்த நாளையெல்லாம் பொறுக்கி எடுத்து, இது கணக்கில் வராது என்று என் வீட்டுக்காரரே கவரில் போட்டு மூடியிருக்கிறார். மிச்ச நாளையெல்லாம் கூட்டி வகுத்து, காற்று நல்லாத்தான் இருக்கு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாம். இந்தப் பூனை கண்ணை மூடிக்கொண்டது, பூலோகமே வெளுத்துவிட்டது. சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குச் சண்டை வரவில்லை, ஏனென்றால் பெட்டியின் அடியில் இன்னொரு கவர் இருந்தது. நிரஞ்சனி பிறந்த வருடம். ஜனவரி பதின்மூன்று. போகி. அதிலும் ஈரம். எனக்கு அன்றைக்கு எட்டாவது மாதம். இழு, விடு. எனக்குத் தாய் வீடு கிடையாது. நான் எட்டாவது படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். தலைப்பிரசவம் புருஷன் வீட்டில், இதே தெருவில், அப்போது கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தாய் இல்லாத பொண்ணு, நாமதான் பாக்கணும் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், ஏதோ அநாதை மாட்டைப் பிடித்துக் கட்டின மாதிரி. போகியன்று விடியலில் வாசலில் நெருப்பு. தெருவுக்குப் பத்து நெருப்பு. புகை மேலே போகவே இல்லை, ஆளுயரத்துக்கு எழும்பி அப்படியே நின்றது, எதிர்வீட்டு விளக்கு தெரியவில்லை. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ரோட்டில் இரண்டு லாரி மோதின சத்தம் கேட்டது. அதற்கு மறுநாள், பொங்கல் பொங்குகிற நேரத்தில், வலி வந்துவிட்டது. ஒன்றே முக்கால் கிலோ. இரண்டு கைக்குள் அடங்கிவிட்டாள். இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எதனால் என்று மாமியார் கண்டுபிடித்தார்கள், நான் ஒரு பப்பாளித் துண்டு தின்றேனாம். நானும் நம்பினேன். இத்தனை வருடமாகப் பப்பாளி வண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன். என் பிள்ளையை நானே தின்று தள்ளினேன் என்று நம்பிக்கொண்டு போகிறேன். அந்தத் தாள் பெட்டியிலிருந்தது. கருப்புத் தாள். அதில் அந்த விடியல் அப்படியே படிந்து கிடந்தது, விரலால் தொட்டால் ஒட்டியது.

புகையால்தான் என்று சொல்ல முடியுமா, முடியாது. நிரூபணம் எங்கே என்பார் இவர். பப்பாளிக்கு யார் நிரூபணம் கேட்டார்கள். யாரும் கேட்கவில்லை. பொம்பளை வாயில் போட்டது என்றால் நிரூபணம் வேண்டாம், மூக்கில் போனது என்றால் மட்டும் வேண்டும். ஹாலில் டம்ளர் வைக்கிற சத்தம். காபி இவரே போட்டிருக்கிறார், டிகாஷன் தண்ணியாக இருக்கும், குடிக்கட்டும். தாம்பூலத் தட்டைக் கொண்டாங்க, மாத்திக்கிடலாம் என்கிறார் தாண்டவராயன். தட்டை மாற்றிவிட்டால் முடிந்தது, அப்புறம் வார்த்தை மாறக் கூடாது. வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டாம் என்பது நாக்கில் நரம்பில்லாதவர்கள் செய்கிற வேலை. அப்படியானால் இப்போதே போக வேண்டும். போய் என்ன சொல்வேன். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துக்கொள்ள மாட்டேன் என்று எந்தத் தாயாவது சொல்வாளா. ஊர் என்ன சொல்லும். நிரு என்ன நினைப்பாள். அவளிடம் தாளைக் காட்டிப் புரியவைத்துவிடலாம். புரியுமா. எனக்கே இது புரிய முப்பது வருடம் ஆயிற்று. நானே போய் போளூரில் அவளோடு இருந்துவிடலாமா, சம்பந்தி வீட்டில், இரண்டு மாதம், அந்தக் கணீர்க் குரலின் கீழே. பெண்ணைக் கொடுத்தது போதாதென்று அம்மாவும் டேரா போட்டுவிட்டாள் என்பார்கள். அதற்கும் அவர்கள் கூப்பிட வேண்டுமே. கூப்பிட மாட்டார்கள், நோய்க்காரி என்று தெரிந்த பிறகு. அவள் இங்கே வந்தால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். எத்தனை பேர் இந்தத் தெருவில் பெற்று எடுக்கவில்லை. காற்று ஆடலாம். இந்த வருடம் மார்கழியில் காற்று ஆடலாம். ஆடும் என்று நினைத்துக்கொண்டு என் மகளை இந்தக் கட்டிலில் படுக்க வைக்க வேண்டும், தினமும் விடியலில் எழுந்து வேட்டி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடாவிட்டால் என்ன செய்வேன், முறத்தால் விசிறுவேனா.

மிஷின் கனைக்கிறது. கிண்ணம் காலி. நிறுத்தினேன். நிறுத்தியவுடன் ஹாலிலும் பேச்சு நின்றது, மோட்டார் நின்றுபோச்சு போல என்று அந்த அம்மாள் சொன்னது கேட்டது. மாஸ்க்கைக் கழற்றினேன். மூக்கின் மேலும் தாடையிலும் அதன் ரப்பர் பதிந்திருக்கும், அரைமணி நேரத்துக்குப் போகாது, பவுடர் போட்டாலும் போகாது. முன்பெல்லாம் அது மறைகிற வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். இன்றைக்குத் தலைமாட்டில் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அந்தப் போகிக் கவரை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். இவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கண்ணால் உள்ளே போ என்றார். தட்டு டீப்பாயின் மேல் இருந்தது, அவர்கள் கொண்டுவந்த வெற்றிலை, பாக்கு, பூ, இரண்டு ஆப்பிள். நான் தாளை வெளியே எடுத்து ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பூவின் மேல் கொஞ்சம் கரி உதிர்ந்தது.

தவமணியம்மாள் முதலில் தட்டைப் பார்த்தார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்கள், ரப்பர் பதிந்த தழும்பை. என்ன சம்பந்தி இது என்றார்கள்.

"எனக்கு வீசிங் இருக்குங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லலை. நீங்க கேட்டது மோட்டார் சத்தம் இல்ல, நான் மருந்து பிடிக்கிற மிஷின். இந்த மூணு மாசம் இங்க காத்து நகராது. நிரு இங்க வர வேணாம்."

இதைச் சொல்ல எனக்கு ஐந்து மூச்சு ஆயிற்று. தாண்டவராயன் தாளின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இவர் சிரிக்கப் பார்த்தார். அது ஒண்ணும் இல்லீங்க, பழைய தாள், பனியில நனைஞ்சது என்று ஆரம்பித்தார். தேதியைப் படிங்க என்றேன். கவரை எடுத்தார். கண்ணாடி இல்லாமல் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்குத் தேதி தெரியும், மறக்கிற தேதியா அது. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதவர்தானே.

"அன்னைக்கு ஈரமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையுறை இல்லாத கை, கரி கட்டைவிரலில் ஏறியது.

"இல்ல" என்றார். "ஈரம் இல்ல. தாள் அடைச்சுப் போச்சு. அழுக்கு ஏறி ஏறி, காத்து உள்ள போகாம மிஷினே பாதியில நின்னுது. அப்படி நின்னா என்ன எழுதணும்னு ஃபாரத்துல இடம் கிடையாது. ஈரம், கிழிசல், கரண்ட் இல்ல, இந்த மூணுதான். நான் ஈரம்னு போட்டேன்." அப்புறம் யாரையும் பார்க்காமல் இன்னொன்று சொன்னார். "எல்லாத்துக்குமே அப்படித்தான் போட்டேன்."

எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, உட்காருங்கள் என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அந்த மொட்டைமாடி மிஷினும் என்னை மாதிரியே மூச்சடைத்து நின்றிருக்கிறது, அதற்கும் ஒரு பொய்ப் பெயர்தான் கிடைத்திருக்கிறது என்று ஒரு கணம் அதன் மேல்கூடப் பரிதாபம் வந்தது. தவமணியம்மாளுக்கு இதெல்லாம் எதற்கு. அவர்களுக்குப் புரிந்தது ஒன்றுதான். நோயை மறைத்துப் பெண்ணைக் கொடுத்தார்கள், இப்போது பிரசவச் சுமையையும் நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அவர்கள் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். பூவை எடுத்து உதறினார்கள், ஆப்பிளைப் பையில் போட்டார்கள், வெற்றிலையை அங்கேயே விட்டார்கள். தாண்டவராயன், இரு, பேசுவோம் என்றார். அந்த அம்மாள் இருக்கவில்லை.

"எங்க ஊர்ல தாய் இல்லாத பொண்ணுக்குத்தாங்க புருஷன் வீட்ல பிரசவம் பாப்பாங்க."

முப்பது வருடமாக இந்த வார்த்தை என்னைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. முதல் தடவை மாமியார் வாயில் வந்தது, இன்றைக்குச் சம்பந்தி வாயில் வந்திருக்கிறது. என் மகளுக்கு இதை யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகவே நான் இந்த மூச்சை இவ்வளவு நாள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், அந்தப் பழைய புடவைகளைச் சத்தியமாக அதற்காகத்தான் அலசினேன். வேண்டுமென்றால் இப்போதும் வாபஸ் வாங்கலாம். தெரியாம சொல்லிட்டேன் சம்பந்தி, தட்டைக் குடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அவளுக்கும் அம்மா இல்லைன்னே வெச்சுக்குங்க" என்றேன்.

அந்த அம்மாளின் முகம் என்னவோ ஆனது. கோபம் மட்டும் இல்லை, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது, அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்கள். இவர் பின்னாலேயே போனார், சம்பந்தி சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டு, கையில் அந்தக் கவரோடு. நான் ஜன்னலிடம் வந்து நின்றேன். கீழே வாசலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் வேட்டியின் ஓரம் அசைந்தது. முதலில் ஓரம், அப்புறம் பாதி, அப்புறம் முழுசும் கிழக்கிலிருந்து ஊதிக்கொண்டு எழுந்தது. மணி பதினொன்று பத்து. ஐந்தே நிமிடத்தில் புகைபோக்கிகளின் பக்கம் வானம் துலக்கிய பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. தவமணியம்மாளின் முந்தானை பறந்தது, பிடித்து இடுப்பில் செருகினார்கள், அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு தாண்டவராயனிடம் சொன்னது மூன்றாவது மாடி வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"காத்து நல்லாத்தானேங்க இருக்கு இங்க. பொண்ண வெச்சுப் பாக்க மனசு இல்ல, அதுக்கு ஒரு சாக்கு."

இவர் கவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பதில் இருந்தது, கத்திச் சொல்லவும் அந்த நேரத்தில் முடிந்திருக்கும், ஏனென்றால் மூச்சு இப்போது ஒரு தடங்கலும் இல்லாமல், உள்ளேயும் வெளியேயும், பச்சைப்பிள்ளைக்கு வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. கட்டிலில் போன் அடித்தது. நிரு என்று காட்டியது. தட்டை மாத்தியாச்சா என்று கேட்பதற்காக அடிக்கிறாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய் எடுத்தேன்.